குழலிக்கு என்ன கலர்

அந்த மிருணாளினிக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா என்று குழலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடிக் கல்லா மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். வைத்த கை சும்மா இருக்கமாட்டாமல் உடனே அதை எடுத்து, விட்ட பக்கத்தைத் தேடியது. ‘பரிமாற வந்த பாவை’ என்று பேர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வரிசையாகத் தொங்குகிற மாத நாவல்களில் ஒன்று. ஹோட்டல் கதையாயிற்றே, நம்ம பிழைப்பைப் பற்றி என்னதான் எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று நேற்று சாயங்காலம் வாங்கியது. வாங்கியது தப்பு. கோயம்புத்தூரில் கண்ணாடி விளக்கெல்லாம் தொங்குகிற பெரிய ரெஸ்டாரண்ட். அதற்கு முதலாளி விஷ்வஜித், முன்கோபக்காரன், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டான். அங்கே பரிமாறுகிற பெண் மிருணாளினி. இரண்டு பேருக்கும் முதல் அத்தியாயத்திலேயே பிடித்துப்போய்விட்டது. படிக்கிற நமக்குத் தெரியும், சமையல்காரருக்குத் தெரியும், வாசலில் சல்யூட் அடிக்கிற வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியாது. அவன் ஒரு பெண்ணுக்குக் கேக் ஊட்டுவதை இவள் கதவிடுக்கில் பார்த்துவிடுகிறாள். அது அவன் கூடப்பிறந்த தங்கை, துபாயிலிருந்து வந்திருக்கிறாள். யார் அது என்று ஒரு வார்த்தை கேட்டால் கதை அங்கேயே முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். கேட்பாளா? மாட்டாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள், கண்ணீரை உள்ளுக்கு இழுத்துக்கொள்வாள், ராவோடு ராவாக ஊட்டிக்குப் பஸ் ஏறுவாள். ஊட்டியில் இவளுக்கு யார் இருக்கிறார்கள்? அதையும் எழுதியவர் சொல்லவில்லை.

சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து டிபன் கூட்டம் வராத நேரம் அது. அமிர்தகலா ஹோட்டலில் இந்த நேரத்துக்கென்று ஒரு வாசனை உண்டு, துடைத்த தரையின் பினாயிலும் ஆறிப்போன சாம்பாரும் சாயங்கால போண்டாவுக்குக் காய்கிற எண்ணெயும் கலந்து. சப்ளையர்கள் உள்ளே பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தார்கள். மூலை டேபிளில் ஒரே ஒரு பெரியவர் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. கல்லாவை ஒட்டிப் பார்சல் கவுண்ட்டர். இலை இருந்தது, பழைய பேப்பர் இருந்தது, நூல்கண்டு இருந்தது, ஜம்புலிங்கம் இல்லை. பார்சல் கட்டுகிறவன் அவன்தான். காலைப் பார்சலெல்லாம் கட்டி முடித்து, மத்தியானத்தோடு லீவு சொல்லிவிட்டு, குளித்துத் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தான். வருவான். துறையூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் இந்த வழியாக வந்து, கல்லாவுக்கு எதிரில் நின்று, ஒரே ஒரு கேள்வி கேட்பான். நேற்றே கேட்டுவிட்டான், இன்றைக்கு வருவது பதிலுக்கு. உனக்குச் சேலை என்ன கலரில் எடுக்கட்டும்? அவ்வளவுதான் கேள்வி. ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்லுகிற கேள்வி. அதற்குப் பயந்துதான் நேற்று புத்தகம் வாங்கியது, அதற்குப் பயந்துதான் இப்போதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. மட்டுவார்குழலி என்று மலைக்கோட்டை அம்மன் பேரை வைத்துவிட்டுப் போன அப்பா, கூடவே கொஞ்சம் தைரியத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பார்சலை இறுக்கி, நூலைச் சுண்டி அறுத்துக்கொண்டே சொன்னான், “குழலி, துறையூர்ல ஒரு பொண்ணு பாத்திருக்காங்க. நாளன்னைக்கிப் பூ வைக்கிறோம்.” இலையில் என்ன இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி சொன்னான். இவளும் “நல்ல விஷயம்” என்றாள். எப்படிச் சொன்னாள், எந்த வாய் சொன்னது, தெரியாது, பழக்கப்பட்ட வாய் அது, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நன்றி சொல்லிப் பழகிய வாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவன் விடவில்லை. “எனக்குக் கூடப்பொறந்தது ரெண்டும் தம்பிங்க. தங்கச்சின்னு சொல்லிக்க நீதான் இருக்க. நாத்தனார் முடிச்சு நீதான் போடணும்.” தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவான், மீதி முடிச்சைப் போடுகிறவள் அவன் கூடப்பிறந்தவள், பெண்ணுக்குப் பின்னால் நின்று. அதற்கென்று அவளுக்கு ஒரு சேலை உண்டு. எத்தனையோ கல்யாணத்தில் பார்த்ததுதான். ஆனால் கூடப்பிறந்தவளாக நின்று, இந்த இரண்டு கையாலேயே, அவன் தாலியை இன்னொருத்தி கழுத்தில் இறுக்குவதா? கையில் அகப்பட்ட முதல் சாக்கைப் பிடித்தாள். “நான் வாழாதவ. நல்ல காரியத்துல என் கை படலாமா, உங்கம்மா என்ன நெனப்பாங்க?” என்றாள். அதற்கு அவன் சொன்னதுதான் அவளை நேற்றிலிருந்து உட்காரவிடாமல் நிற்கவிடாமல் படுத்துகிறது. “அம்மாதான் உன்னைப் போடச் சொன்னாங்க. வாழறதும் வாழாததும் அவ கையிலயா இருக்கு, மனசு சுத்தமானவ போட்டாப் போதும்னாங்க.” இப்படி ஒரு வார்த்தையை அவளுக்கு அவள் சொந்தக்காரர்கள்கூடச் சொன்னதில்லை. சித்தி வீட்டு வளைகாப்பில் பின்வரிசையில் உட்காரவைத்தவர்கள் அவர்கள். அந்த அம்மா முகத்தைச் சுளித்திருந்தால் மாட்டேன் என்பது எவ்வளவு சுலபம். மனசு சுத்தமானவளாம். எந்த மனசு, எங்கே சுத்தம்?

புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளினாள். ஊட்டியில் மழை பெய்தது. மிருணாளினி ஜன்னலோரம் நின்று ‘மனதுக்குள் மருகினாள்’. மருகினாள், மருகினாள், மருகினாள், இந்தப் புத்தகத்தில் வேறு வேலையே கிடையாது. திருச்சியில் யாராவது மருகிப் பார்த்திருக்கிறோமா? அழுவார்கள், திட்டுவார்கள், பாத்திரத்தைப் போட்டு உருட்டுவார்கள். மருகுவது என்றால் என்ன செய்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது? அந்த ரெஸ்டாரண்ட் வேறு ஒரு வேடிக்கை. அங்கே யாரும் டேபிள் துடைப்பதில்லை, யாருக்கும் ஏப்பம் வருவதில்லை, வந்தவர்கள் எல்லோரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்கிறார்கள். இங்கே ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கட்டும் அந்த விஷ்வஜித். சட்னியில் உப்பு ஜாஸ்தி என்று ஒருத்தன், வடை ஏன் நேற்றைவிடச் சின்னது என்று ஒருத்தன். கண்ணைப் பார்க்க நேரம் ஏது. ஆனால் பார்த்தாள்தானே. கல்லாவில் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் பார்சல் கட்டுகிற அந்தக் கை தெரியும். இலையைப் பேப்பர்மேல் போடுவது, இட்லியை அடுக்குவது, கெட்டிச் சட்னியைத் தனியாக மடிப்பது, நான்கு பக்கமும் நூலைச் சுற்றி ஒரு இழு. குழந்தையோடு வருகிறவர்களுக்குக் காரச் சட்னி வேண்டாம் என்று அவர்கள் சொல்லாமலே எடுத்து வைத்துவிடுவான். இதிலெல்லாம் காதல் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் இவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு மனுஷன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறான், அவன் நின்றால் அந்தப் பக்கம் நிறைவாக இருக்கிறது, லீவு போட்டால் அந்தப் பக்கத்துக் காது குளிர்கிறது. அவ்வளவுதான், அவ்வளவுதானா?

எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று இதே ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றிலும் சப்ளையர், மாஸ்டர், சூப்பர்வைசர் என்று ஒரே ஆம்பளைக் கூட்டமாக இருக்க, புருஷனை விட்டு வந்தவள் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்க, பக்கத்தில் நின்றவனைப் பார்த்து முதல் வார்த்தையாக “அண்ணா, அந்த பில் கட்டைக் குடுங்க” என்றாள். ஆசையாகவா சொன்னாள்? தாழ்ப்பாள் போடுகிற மாதிரி சொன்னாள். வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும் சொல்லுகிறதுதான். பஸ்ஸில் கண்டக்டருக்கு அண்ணா, ரேஷன் கடையில் அண்ணா, ஆட்டோவுக்கு அண்ணா, அண்ணா என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவன் கண்ணு கொஞ்சம் ஒழுங்காக இருக்கும், கதவு சாத்தியாகிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவனும் அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு வெளியே மரியாதையாக நின்றான். ஒருத்தன் இவளிடம் பல்லிளித்தால், “என் தங்கச்சிகிட்ட என்னடா பேச்சு” என்று கரண்டியோடு வருவான். தாழ்ப்பாள் போட்டது இவள். உள்ளே மாட்டிக்கொண்டதும் இவள். வெளியே நிற்கிறவன் நல்லவன், தட்டமாட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ தட்டியிருப்பான், இவளும் ஏசி அனுப்பியிருப்பாள். இதென்ன கஷ்டம் என்று தனக்குள்ளேயே சலித்துக்கொண்டாள்.

அப்புறம் போன தீபாவளி. முறுக்குப் பார்சல் குவிந்து கிடந்தது, அவன் கை நூலில் அறுபட்டு இரத்தம் வந்தது, இவள் கல்லாவில் வைத்திருந்த பிளாஸ்திரியை ஒட்டிவிட்டாள். ஒட்டும்போது “இருங்கண்ணா” என்று சொல்ல வாயெடுத்தாள், “இருங்க” வந்தது, “அண்ணா” வரவில்லை. தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவே இல்லை. அண்ணாவை விட்டாள், சரி, அந்த இடத்தில் வேறு எதை வைப்பது? பேர் சொல்லலாமா? மூத்தவன், பேர் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். சார் என்றால் திடீரென்று என்ன சார் என்று சிரிப்பான். என்னங்க என்றால் முடிந்தது, அது பெண்டாட்டி வார்த்தை, ஹோட்டலே திரும்பிப் பார்க்கும். இவ்வளவு பெரிய பாஷையில் அவனைக் கூப்பிட இவளுக்கு ஒரு வார்த்தை இல்லை. அதனால் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள். “இந்தாங்க” என்பாள். “பாத்தீங்களா” என்பாள். தூரத்தில் நின்றால் கிட்டே வருகிறவரை காத்திருப்பாள், இல்லையென்றால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவாள். அது ஒரு ரகசியச் சொல் மாதிரி இருந்தது இவளுக்கு. ஒருநாள் கவனிப்பான், ஏன் குழலி இப்பல்லாம் அண்ணான்னு கூப்பிடறதில்லைன்னு கேப்பான், கேட்டால் தலையைக் குனிந்துகொண்டால் போதும், அவனுக்குப் புரிந்துவிடும். வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளும் அவன் கேட்பதற்காகத்தான் வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். அவன் கேட்கவில்லை. இவ்வளவு நாள் ஒருத்தி அழைக்காமல் பேசுகிறாள், கவனிக்காத மனுஷன் ஒருத்தன் இருப்பானா? இருக்கிறானே. சட்னியைக் கவனிப்பான், இதைக் கவனிக்கமாட்டான். அவனைத் திட்டத் தொடங்கி, பாதியில் மிருணாளினியின் ஞாபகம் வந்து குழலிக்குக் கூசியது. அவளாவது உதட்டைக் கடித்தாள், அதைப் பார்க்கவாவது முடியும். இவள் செய்தது ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டது. சொல்லாமல் விட்டதை ஒருத்தன் காதால் எப்படிக் கேட்பான்? மருகுவது என்றால் இதுதானோ என்னவோ.

பெரியவர் இன்னும் ஆற்றிக்கொண்டிருந்தார். இப்போதே சொல்லிவிட வேண்டும். நாளைக்குப் பூ வைத்துவிட்டால் சொல்லக்கூடாது. அதை நினைத்தபோதுதான் முதல்முறையாக அந்தத் துறையூர்ப் பெண் ஒரு ஆளாகக் கண்முன் வந்தாள். பேர்கூடத் தெரியாது. அவளுக்கும் வயசு கூடித்தான் இருக்கும், இல்லாவிட்டால் ஜம்புலிங்கத்துக்கு ஏன் கேட்கிறார்கள். அவளும் இந்நேரம் தலைக்குக் குளித்து, நாளைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று பெட்டியைத் திறந்து வைத்திருப்பாள். இன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அது வந்த வரன் ஒன்று தட்டிப்போனதோடு போகும். நாளைக்குப் பூ வைத்தபிறகு சொன்னால் அது பாவம், காலத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அப்படியானால் இன்றைக்குச் சொன்னால் மட்டும் பாவமில்லையா? கதைகளில் இப்படிக் கடைசி நேரத்தில் வந்து குழப்புகிறவளுக்கு உதட்டுச் சாயம் பூசி, வில்லி என்று பேர் வைப்பார்கள். வைத்தால் வைக்கட்டும். ஆனால் அவன் என்ன நினைப்பான்? பயமெல்லாம் அங்கேதான். முகம் சுருங்கிவிடும். உன்னைத் தங்கச்சின்னு நெனச்சேனேம்மா என்பான். திட்டமாட்டான், அவனுக்குத் திட்ட வராது, ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்பான். அந்த ஒரு அடியை இவளால் தாங்க முடியாது. நாளைக்கு இதே ஸ்டூலில் உட்கார முடியாது. வீட்டில் தன் அம்மாவுக்கு என்ன சொல்லி வேலையை விடுவது? இவ்வளவு நாள் கிடைத்த அந்தப் பக்கத்து நிறைவும் போய்விடும். முடிச்சைப் போட்டுவிட்டால் அதுவாவது மிஞ்சும், நாத்தனார் என்று வீட்டுக்குப் போகலாம் வரலாம், பிள்ளை பிறந்தால் அத்தை என்று மடியில் போட்டுக்கொள்ளலாம். நல்ல வாழ்க்கைதானே, எத்தனை பேர் அப்படி வாழவில்லை? அத்தை. அந்த வார்த்தையை மனசில் சொல்லிப் பார்த்தாள், தண்ணீர் எடுத்துக் குடித்தாள்.

ஒருதடவை கேட்காமல் விட்டதற்கே போதும் போதும் என்றாகிவிட்டது. லால்குடியில் அந்த வீட்டில் புருஷன் என்று ஒருத்தன் ராத்திரி சாப்பிட வராமல் இருந்தபோது, மூடி வைத்த சோற்றை மறுநாள் மாட்டுக்குப் போட்டாளே தவிர, எங்கே போனீங்க என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம். கடைசியில் அவன் அண்ணன் வந்து, அவனுக்கு வேறு இடத்தில் குடும்பம் இருக்கிறது, நீ உன் வீட்டுக்குப் போவது நல்லது என்று சொல்லவேண்டி வந்தது. முன்னாலேயே கேட்டிருந்தால் வாழ்ந்திருப்பாளா என்றால் அதுவும் இல்லை. கொஞ்சம் சீக்கிரம் திரும்பி வந்திருக்கலாம், மாட்டுக்குப் போட்ட சோறு மிச்சம். சரி, இன்றைக்கு என்ன சொல்லுவது? சேலை வேண்டாம். ஏன் வேண்டாம்? எனக்கு அன்றைக்கு ஊரில் வேலை. என்ன வேலை, நாளே இன்னும் குறிக்கவில்லையே. எனக்குக் கை நடுங்கும், முடிச்சு சரியாக வராது. அடி அசடே, அவன் பக்கத்தில் நின்று கட்டச் சொல்லித் தருவான். எனக்கு உங்களை… எனக்கு உங்களை என்ன? பிடிக்கும் என்றால், தங்கச்சிக்கு அண்ணனைப் பிடிக்காதா என்பான். எந்தப் பக்கம் போனாலும் அந்த வார்த்தை முன்னால் வந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. “எவ்வளவும்மா ஆச்சு?” என்று கேட்டது காதில் விழுந்து நிமிர்ந்தாள். பெரியவர் எப்போது காபியைக் குடித்தார், எப்போது எழுந்து வந்தார், தெரியவில்லை. மீதியைக் கொடுத்து நன்றி சொன்னாள். அவர் போன வழியில், சலவைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியும் தோளில் பையுமாக ஜம்புலிங்கம் ஏறி வந்தான்.

“பஸ்ஸுக்கு நேரமிருக்கு” என்றான். “கடைவீதிக்குப் போயிட்டுத்தான் போகணும். அம்மாவும் தம்பிங்களும் காலையிலயே போயிட்டாங்க. அம்மா இதோட ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க, குழலிக்கு என்ன கலர்னு கேட்டியாடான்னு. சொல்லு. கடையில போயி நின்னா எனக்கு எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.” சோப்பு வாசனை அடித்தது. அந்த விபூதி காயாமல் ஈரமாக இருந்தது. குழலி புத்தகத்தை மடியில் இறக்கி வைத்தாள். பச்சை என்று சொல்லிவிட்டால் இப்போதே எல்லாம் முடிந்துவிடும், பச்சை நல்ல கலர்தான், அரக்குக்கூட நல்ல கலர்தான்.

“எனக்குச் சேலை எடுக்காதீங்க.”

“ஏன், நாங்க எடுத்துக் குடுத்தா கட்டமாட்டியா?”

“முடிச்சு நான் போடலை.”

அவன் பையைக் கீழே வைத்தான். முகம் சுருங்கும் என்று பார்த்தால் சுருங்கவில்லை, ஏதோ இதை எதிர்பார்த்து வந்தவன்போல மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குரலைத் தணித்தான். “இன்னும் கோவம் போகலையா உனக்கு?”

“என்ன கோவம்?”

“மறைக்காத குழலி. போன தீவாளியிலேர்ந்து நீ என்னை அண்ணான்னு கூப்பிடறதில்லை. நான் கவனிக்கலைன்னு நெனச்சியா? தூரமா நின்னாக்கூட மேஜையைத் தட்டுவியே தவிர வாயத் தெறக்கமாட்ட. என்ன தப்புப் பண்ணேன்னு யோசிக்காத நாளில்லை. பிளாஸ்திரி ஒட்டறப்ப ஏதாவது சுள்ளுன்னு பேசிட்டேனோன்னு பாத்தேன். கேக்க பயம். கேட்டு, ஆமான்னு நீ சொல்லி, பேச்சே நின்னு போச்சுன்னா? அம்மாகிட்டத்தான் சொன்னேன். அம்மாதான் சொன்னாங்க, முடிச்சுப் போட வான்னு கூப்புடு, எவ்வளவு கோவம் இருந்தாலும் அதுக்கு மாட்டேன்னு சொல்லமாட்டா, அதோட சரியாயிடும்னு.”

குழலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனித்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் கவனித்திருக்கிறான், கவனித்து, யோசித்து, பயந்து, அம்மாவிடம் போய்ச் சொல்லி, இவ்வளவையும் செய்துவிட்டு, ஏன் என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை. அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டும் முட்டிக்கொண்டு எதுவும் வெளியே வரவில்லை. இரண்டு பேரும் ஒரு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, சட்னி, பில், சில்லறை என்று எவ்வளவு பேசியிருப்போம். இவள் வாயை மூடியதை அவன் கோபம் என்று எடுத்துக்கொண்டான், அவன் வாயை மூடியதை இவள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாள். யாராவது இதை எழுதியிருந்தால் புத்தகத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. துறையூர் பஸ்ஸோ வேறு எந்த பஸ்ஸோ. இப்போது விட்டால் இனி இல்லை.

“கோவமில்லை” என்றாள். “உங்களை அண்ணனா நெனைக்க முடியலை. அதான் கூப்பிடலை. கூப்பிட வேற வார்த்தை எனக்குக் கிடைக்கலை. அதான் தட்டினேன்.”

சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு அடிக்காக, அவன் பின்னால் நகரப்போகிற அந்த ஒரு அடிக்காகக் குழலி கண்ணை அவன் காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மாள் கூடையோடு ஏறி வந்து, “போண்டா ஒரு செட்டு பார்சல் கட்டுங்க தம்பி” என்று நேராக அவனிடம் சொன்னாள். லீவு என்பதே மறந்துபோய் அவன் கவுண்ட்டருக்குள் போய் நின்றான். உள்ளே குரல் கொடுத்தான், போண்டா வந்தது, இலையைப் போட்டான், பேப்பரை மடித்தான், நூலைச் சுற்றினான். பொட்டலத்தை வாங்கித் தூக்கிப் பார்த்த அம்மாள், “சட்னி வைக்கலையேப்பா” என்றாள். மன்னிச்சுக்குங்க என்று பிரித்தான், சட்னியை வைத்தான், கட்டினான், நூல் கையோடு வந்துவிட்டது, மறுபடி கட்டினான். அந்த அம்மாள் குழலியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவன் கவுண்ட்டரைவிட்டு வெளியே வராமல் அங்கேயே நின்றான். எப்போதும் நிற்கிற இடம்தான். பக்கவாட்டில் அந்தக் கை தெரிந்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தது.

“இதை ஏன் குழலி முன்னாடியே சொல்லலை?”

“நீங்க ஏன் கேக்கலை?”

அவன் பேசுவதற்கு ஏதோ தேடினான். தங்கச்சி என்ற வார்த்தை இல்லாமல் இவளைப் பார்க்க அவனுக்கு எங்கே கண்ணை வைப்பது என்றே தெரியவில்லை, ஒரு தடவை முகத்தைப் பார்த்தான், ஒரு தடவை கல்லாவைப் பார்த்தான், அப்புறம் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இவளுக்கும் புதுசு. அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். எதிர்ப்பக்கத்துக் குரல் கல்லாவரை கேட்டது, கேட்டியாடா, என்ன கலர் சொன்னா?

“அம்மா, குழலிக்குக் கோவமில்லையாம்” என்றான்.

அந்தப் பக்கம் அப்பாடா என்றது. நான்தான் சொன்னேனே என்றது. அப்படியே பட்டாவே எடுத்துடு, பொண்ணு வீட்டுச் சொந்தமெல்லாம் இன்னைக்கே வந்து உக்காந்தாச்சு, சீக்கிரம் பஸ் ஏறு என்று வேகமாகப் பேசிக்கொண்டே போனது. அவன் வெளியே போய்ப் பேசுவான், பேசிவிட்டு அப்படியே பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று குழலி நினைத்தாள். நினைத்து மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் போகவில்லை. அவள் கண்ணெதிரிலேயே, சப்ளையர்கள் எழுந்து முகம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டான்.

“இல்லம்மா, அவ முடிச்சுப் போடமாட்டா.” அந்தப் பக்கம் ஏன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

“அவ எனக்குத் தங்கச்சி இல்லம்மா” என்றான்.